மிளகு மரத்திலிருந்து விழுந்தவர்: உறைய மறுத்த ரத்தமும் முதல் 24 மணி நேரமும்

தை மாதம். சேர்வராயன் மலையில் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். பறிக்கிறவர் ஒற்றை மூங்கிலை மரத்தில் சாத்தி, கணுக்களில் கால் வைத்து ஏறுவார். இடுப்பில் சாக்குப் பை இருக்கும், கயிறு பெரும்பாலும் இருக்காது. 41 வயதுத் தொழிலாளி ஒருவருக்குக் காலை 9.40 வாக்கில் பனியில் நனைந்திருந்த மூங்கில் வழுக்கிவிட்டது. ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து, கால்கள் இரண்டும் அகன்றபடி, வெட்டிவிட்ட காப்பிச் செடியின் கட்டை மேல் விழுந்தார்.

வெளியே காயம் என்று சொல்ல எதுவும் இல்லை. சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "இடுப்புல அடிங்க, எந்திரிக்க முடியல, மத்தபடி நல்லாத்தான் பேசறான்" என்பதுதான் மேஸ்திரி போனில் சொன்ன முதல் தகவல்.

அவர் நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கழித்து அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவில்லை. இடையில் என்ன நடந்தது, சேலத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நாங்கள் எதைச் சரியாகச் செய்தோம், எதைக் கோட்டைவிட்டோம் என்று எழுதி வைக்கவே இந்தக் குறிப்பு. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மலை இறங்கிய இரண்டரை மணி நேரம்

தோட்டத்து ஜீப்பில் முதலில் மலை மேலேயே ஓர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்த அழுத்தம் 80/50. வலி ஊசி, டி.டி. ஊசி, இரண்டு பாட்டில் நார்மல் சலைன். அழுத்தம் 104/60க்கு ஏறியது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. உறவினர்கள் பின்னால் எங்களிடம் சொன்னதும் அதேதான்: "குளுக்கோஸ் ஏத்துனதும் தெளிஞ்சிட்டாருங்க." எந்தப் பாட்டிலைத் தொங்கவிட்டாலும் நம் ஊரில் அது குளுக்கோஸ்தான்.

அந்த இடத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் படித்த காலத்துப் பாடமே, "அழுத்தம் குறைந்தால் முதலில் 2 லிட்டர் ஓடவிடு" என்பதுதான். அதைச் செய்யாத மாணவனுக்குத் தேர்வில் மதிப்பெண் போயிருக்கும்.

11 மணிக்கு 108 வந்து ஏற்றிக்கொண்டது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாயும்போது உடைந்த இடுப்பு வளையம் திறந்து மூடும். எலும்பின் பின்புறம் அரைகுறையாக உருவாகியிருக்கும் ரத்தக்கட்டி ஒவ்வொரு முறையும் நெகிழும். அதை அறிந்த டெக்னீஷியன் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். எண்ணம் அருமையானது, கட்டிய இடம்தான் தவறிவிட்டது. அது வேட்டி கட்டும் இடத்தில் இருந்தது. அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், 11.30க்கு எங்களுக்குப் போன் செய்து, "இடுப்பு எலும்பு மாதிரி இருக்கு சார், பல்ஸ் 130" என்று சொன்னது. அந்தப் போனை நாங்கள் என்ன செய்தோம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

12.05: சிவப்புப் பகுதி (உயிர் ஆபத்தில் வருகிறவர்களைப் பார்க்கும் இடம்)

நாடித்துடிப்பு 136, ரத்த அழுத்தம் 78/46. முதல் எண்ணை இரண்டாவதன் மேல் எண்ணால் வகுத்தால் 1.7 வருகிறது. நலமாக இருக்கும் ஆளுக்கு இந்த எண் 0.5 முதல் 0.7க்குள் இருக்கும். 1ஐத் தாண்டினாலே ரத்த வங்கிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நினைவு இருந்தது, ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். உடல் வெப்பம் 34.1 டிகிரி. வெளியே சேலத்தில் உச்சி வெயில், இவர் உடம்பு மட்டும் மலைக் காலைக் குளிரிலேயே இருந்தது. நனைந்த சட்டையை யாரும் கழற்றவில்லை. உள்ளே போன ஒன்றரை லிட்டர் சலைனும் (வண்டியில் மூன்றாவது பாட்டில்) மலைக் குளிரில் இருந்ததுதான்.

உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அவசரமாகப் பார்க்கும் ஃபாஸ்ட் ஸ்கேனில் வயிற்றில் ரத்தம் இல்லை. மார்பு எக்ஸ்ரே சுத்தம். இடுப்பு எக்ஸ்ரேயில் விடை இருந்தது. முன்புற இணைப்பு 4 சென்டிமீட்டருக்கு மேல் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி இடுப்பு திறந்து கிடந்தது. சிறுநீர்த் துவாரத்தில் ஒரு துளி ரத்தம் நின்றதால் குழாய் போடும் முயற்சியைக் கைவிட்டு, சிறுநீரக மருத்துவரை அழைத்தோம். அந்தக் கதை தனி.

முதல் வேலை துண்டை அவிழ்த்து, மடித்த படுக்கை விரிப்பைச் சரியான உயரத்தில் கட்டியது. தொடையின் வெளிப்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படும் எலும்பு முட்டு இருக்கிறதே, அந்த மட்டத்தில். சாதாரண ஆளுக்குச் சட்டைப் பை அல்ல, பேண்ட் பை இருக்கும் இடம் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். இருவர் எதிரெதிராக நின்று இழுத்து முறுக்கி, முழங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, பாதங்களை உள்நோக்கித் திருப்பி வைத்தோம். செலவு எதுவும் இல்லை. இது முடிந்த இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டில் நாடி சற்றே தெளிவாகத் தட்டுப்பட்டது.

12.15க்கு, உறைந்த கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில். விழுந்து 2 மணி 35 நிமிடம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

சிஸ்டர் எடுத்து வைத்த குழாய்

நான் கையில் ஊசிக்குழாய் போட்ட இடம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சு வைத்து அழுத்தினேன். எடுத்தால் மறுபடி கசிவு. அதைப் பார்த்த மூத்த சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தத்தை எடுத்து ரேக்கில் நிறுத்திவிட்டு, பிளாஸ்டர் துண்டில் நேரத்தை எழுதி ஒட்டினார். சேலத்துப் பக்கம் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது கை பழகிய காரியம். கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களுக்கு நாள்தோறும் செய்யும் 20 நிமிடச் சோதனை. அசைக்காமல் வைத்திருந்து ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும்.

20 நிமிடம் கழித்துச் சாய்த்தார். அடியில் பிசுபிசுத்த ஒரு சிவப்புக் கூழ் நகர்ந்தது. அது குழாய்ச் சுவரில் ஒட்டாமல் இரண்டாகப் பிரிய, மேலே மெல்லிய ரத்தம் வழிந்தது. "கடிக்காமலே கடிச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். விபத்து நோயாளிகளுக்கு இந்தச் சோதனை அளவுகோல் அல்ல. உறைகட்டியின் வலையைப் பின்னும் புரதமான ஃபைப்ரினோஜன் ரொம்பவும் குறைந்த பிறகுதான் இதில் தெரியும். குழாய் உறைந்தது என்பதற்காக யாரும் நிம்மதி அடையக்கூடாது. ஆனால் உறையவில்லை என்றால் ஆய்வகத் தாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தாள் 12.58க்கு வந்தது: ஐ.என்.ஆர். (உறைதல் எவ்வளவு தாமதம் என்று காட்டும் எண்) 1.9, ஃபைப்ரினோஜன் 96 மில்லிகிராம், தட்டணுக்கள் 1.32 லட்சம், ஹீமோகுளோபின் 8.9. அதற்கு முன்பே கையில் இருந்த ரத்த வாயு அறிக்கையில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.16, பிராணவாயு போதாதபோது கூடும் லாக்டேட் 7.8, ரத்தத்தில் கட்டுப்படாமல் இயங்கும் அயனிக் கால்சியம் 0.88.

ஆய்வகத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.என்.ஆர். சோதனையை 37 டிகிரி வெப்பத்தில்தான் செய்கிறார்கள். 34 டிகிரியில் கிடக்கும் ஆளின் ரத்தத்தை எடுத்துச் சூடாக்கிப் பார்த்துவிட்டு 1.9 என்கிறார்கள். உடம்புக்குள் நிலைமை அந்தத் தாளை விட மோசம்.

ஏன் உறையவில்லை

உறவினர்களுக்கு விளக்க நான் தயிரைத்தான் எடுத்துக்கொள்வேன். பாலில் தண்ணீர் கலந்தால் தயிர் இளகும். ஏற்காட்டில் மார்கழி, தை மாதத்தில் இரவு உறை ஊற்றினால் காலையில் பாலாகவே இருக்கும், குளிர் விடாது. பாதி உறைந்ததை ஆட்டினால் நீர்த்துப்போகும். சலைன், நனைந்த சட்டை, கொண்டை ஊசி வளைவு மூன்றும் அதில் அடங்கிவிடும். ஒரே இடத்தில் இந்த உவமை காலை வாரும். புளிப்பு தயிருக்கு நல்லது, ரத்தத்துக்குக் கேடு. திசுக்களுக்குப் பிராணவாயு போகாமல் அமிலம் கூடினால் உறைதல் நொதிகள் வேலை செய்யாது.

நீர்த்ததும் குளிர்ந்ததும் அமிலமானதும் மட்டுமே காரணம் என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். அதாவது, கெடுதல் எல்லாம் சிகிச்சை தொடங்கிய பிறகு வருவது என்று. 2003இல் லண்டனில் கரீம் ப்ரோஹியும் சகாக்களும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். விபத்தில் சிக்கி ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்ட 1,088 பேரின் ரத்தத்தை வந்தவுடன் சோதித்தார்கள். 24.4 விழுக்காட்டினருக்கு அப்போதே உறைதல் கெட்டிருந்தது, ஏற்றிய நீர்மத்தின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கெட்டிருந்தவர்களில் 46 விழுக்காட்டினர் இறந்தார்கள், மற்றவர்களில் 10.9.

காரணம் ரத்தக் குழாயின் உள்வரிச் செல்களில் இருக்கிறது. பெரிய காயமும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தால் அந்தச் செல்கள், எங்கும் உறைந்து அடைத்துவிடக் கூடாதே என்று பதறுவது போல நடந்துகொள்கின்றன. புரதம் சி தூண்டப்பட்டு உறைதல் காரணிகள் ஐந்தையும் எட்டையும் அடக்குகிறது. கூடவே உறைந்ததைக் கரைக்கும் பிளாஸ்மினை உண்டாக்கும் பொருளும் வெளிவருகிறது. கட்டி உருவாகும் வேகத்தை விடக் கரையும் வேகம் கூடிவிடும். வலை பின்னும் நூலான ஃபைப்ரினோஜன்தான் முதலில் தீர்ந்துபோகும். நம் நோயாளிக்கு 96 என்று வந்தது அதனால்தான். 150க்குக் கீழே போனால் ஈடுகட்ட வேண்டும்.

ஆக, இவருடைய ரத்தம் மலை மேலேயே கெடத் தொடங்கியிருந்தது. சலைன் அதைத் தொடங்கிவைக்கவில்லை, முற்றவைத்தது.

அந்த 2 மணி 35 நிமிடம்

டிரானெக்சாமிக் அமிலம் 1962இல் ஜப்பானில் உடாகோ ஒகமோடோ, ஷோசுகே ஒகமோடோ தம்பதி அறிமுகப்படுத்திய மருந்து. உறைந்த கட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மினோஜன், ஃபைப்ரின் நூலைப் பிடிக்கும் கொக்கியில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊரில் அதிக மாதவிடாய்ப் போக்குக்கும் பல் பிடுங்கிய பிறகும் எழுதிக் கொடுக்கும் அதே மருந்துதான். 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் இதைச் சோதித்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. மொத்த இறப்பு 16 விழுக்காட்டிலிருந்து 14.5க்கு இறங்கியது.

மறு ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 விழுக்காடு, கொடுக்காதவர்களில் 7.7. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்தவர்களில் 4.4, கொடுக்காதவர்களில் 3.1. அதாவது காப்பாற்றிய அதே மருந்து, நேரம் தவறினால் ஆளைத் தள்ளிவிடுகிறது. நம் நோயாளிக்கு இன்னும் 25 நிமிடம் மிச்சம் இருந்தபோது கொடுத்தோம். மலையிலேயே 10.30க்கு ஒரு ஊசி போட்டிருந்தால்? மருந்து மலிவு, குளிர்பெட்டி வேண்டாம், அறை வெப்பத்தில் இருக்கும். அது அங்கே அலமாரியில் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

பிளாஸ்மாவும் எங்கள் 35 நிமிடமும்

12.20க்கு ஓ பாசிட்டிவ் சிவப்பணுக்கள் இரண்டு பை, பொருத்தம் பார்க்காமலே ஏற்றினோம். ஆணுக்கு அவசரத்தில் இது போதும். ஓ நெகட்டிவ் தேடி ஓடினால் ஆள் போய்விடுவார். உறைதல் காரணிகள் இருக்கும் ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவில்தான் மாட்டிக்கொண்டோம். அதைப் பனிக்கட்டி போல உறையவைத்துத்தான் வைத்திருப்பார்கள். 37 டிகிரித் தண்ணீரில் உருக்க ஏறக்குறைய அரை மணி ஆகும். 11.30க்கு 108இலிருந்து போன் வந்தபோதே உருக்கச் சொல்லியிருந்தால், ஆள் உள்ளே வரும்போது பை கையில் இருந்திருக்கும். நாங்கள் சொன்னது 12.05க்கு, கண்ணால் பார்த்த பிறகு. கையில் வந்தபோது 12.42.

ரத்த வங்கியிடம் கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. உருக்கிய பையை உறைவிப்பானுக்குத் திருப்ப முடியாது. பத்துப் போனில் நான்கு போனுக்குப் பை தேவைப்படாமல் போகும், கொடுத்தவர் ரத்தம் வீணாகும். இப்போது ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். நாடித்துடிப்பு அழுத்தத்தை விட அதிகம் என்று வண்டியிலிருந்து சொன்னால், ஏபி வகைப் பிளாஸ்மா இரண்டு பையை அப்போதே தண்ணீரில் போடுவது. எந்த ரத்த வகைக்கும் ஏபி பிளாஸ்மா பொருந்தும். இந்த ஆளுக்குப் பயன்படாவிட்டால் அன்று மாலை வேறு யாருக்காவது வேண்டியிருக்கும்.

எந்த விகிதத்தில் ஏற்றுவது? 2015இல் வெளியான ப்ராப்பர் ஆய்வு, வட அமெரிக்காவில் 12 மையங்களில் 680 பேரிடம் பிளாஸ்மா, தட்டணு, சிவப்பணு மூன்றையும் சரிசமமாகக் கொடுப்பதையும், சிவப்பணுவை இரட்டிப்பாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டது. 30 நாள் இறப்பில் புள்ளியியல்படி வேறுபாடு நிற்கவில்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள் சரிசமக் குழுவில் 9.2 விழுக்காடு, மற்றதில் 14.6. எனக்கு அந்த இரண்டாவது முடிவு போதும். மூன்றையும் கலந்து ஏற்றுவது என்பது வடிந்த ரத்தத்தையே திருப்பிக் கொடுப்பதுதான். இது புரிய இத்தனை ஆண்டு ஆனது கொஞ்சம் வெட்கம்தான்.

மேல் அழுத்தத்தை 80க்கும் 90க்கும் நடுவில் வைத்துக்கொண்டோம், ஏற்றவில்லை. தலையில் அடி இல்லை என்பதால் அந்தச் சலுகை. 120க்கு ஏற்றிக் காட்ட ஆசைப்பட்டால், ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி பிய்த்துக்கொள்ளும்.

தியேட்டரில்

12.55க்கு உள்ளே. எலும்பு சர்ஜன் வெளிப்புறக் கம்பிச் சட்டம் போட்டு இடுப்பை மூடினார். பொது சர்ஜன் அடிவயிற்றைத் திறந்து, வயிற்று உறைக்கு வெளியே இரு பக்கமும் மும்மூன்று பெரிய துணிப் பேடுகளை அடைத்தார். இடுப்பு முறிவில் பெரும்பாலும் வடிவது சிரை ரத்தம், அழுத்தினால் நிற்கும். 45 நிமிடத்தில் வெளியே. எதையும் சரிசெய்யவில்லை, நிறுத்த மட்டும் செய்தோம். ஏ.சி.யை நானே அணைத்தேன். சர்ஜனுக்கு வியர்வை கண்ணில் வழிந்தது, திட்டினார். திட்டட்டும்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். நான்காவது சிவப்பணுப் பை முடியும்போது அழுத்தம் 74க்கு இறங்கியது. பேடு நனையவில்லை, வடிகுழாயில் புதிதாக எதுவும் இல்லை. இதயம் மந்தமாக அடித்துக்கொண்டிருந்தது, ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்பின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் நேரம்) நீண்டிருந்தது. வாயு அறிக்கை எடுத்தால் அயனிக் கால்சியம் 0.74. வந்தபோதே 0.88 என்று தாளில் இருந்தது. பார்த்தேன், பேனாவால் வட்டம்கூடப் போட்டேன், கொடுக்கவில்லை. ரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்லீரல் நல்ல ஓட்டத்தில் இருந்தால் சிட்ரேட்டைக் கரைத்துவிடும், அதிர்ச்சியில் இருக்கும் ஆளுக்கு அது நடக்காது. கால்சியம் இல்லாமல் உறைதல் காரணிகளும் ஒட்டாது, இதயமும் இறுகாது. கால்சியம் குளுக்கோனேட் 10 விழுக்காடு 30 மி.லி. மெதுவாகச் செலுத்தியதும் சில நிமிடங்களில் அழுத்தம் 92. அதற்குள் ஓடிய அரை மணி என் கணக்கில்தான் சேரும்.

முதல் 24 மணி நேரத்தில் மொத்தம்: சிவப்பணு 9 பை, பிளாஸ்மா 8, தட்டணு 6, கிரையோ (ஃபைப்ரினோஜன் செறிந்த ரத்தப் பொருள்) 10. கிரையோ கொடுத்தது ஃபைப்ரினோஜன் 96 என்று கையில் இருந்ததால். எண் தெரியாமலே எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த கிரையோஸ்டாட்-2 ஆய்வு (2023, 1,604 பேர்) 28 நாள் இறப்பில் பலன் காட்டவில்லை. டிரானெக்சாமிக் அமிலத்தின் இரண்டாவது கிராம் எட்டு மணி நேரச் சொட்டாகப் போக வேண்டியது. தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு மாறும்போது ஒரு மணி நேரம் நின்றிருந்தது. இரவு 9 மணிக்கு வெப்பம் 36.4, லாக்டேட் 2.6, ஃபைப்ரினோஜன் 188. மூன்றாம் நாள் காலையில் பேடுகளை எடுத்தார்கள். உலர்ந்திருந்தன.

ஒன்பதாம் நாள்

உறைய மறுத்த அதே ரத்தம் ஒன்பதாம் நாள் உறையக் கூடாத இடத்தில் உறைந்தது. இடது கால் வீங்கி, டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரை அடைத்திருந்தது. இடுப்பு முறிவு, அறுவை, படுக்கை எல்லாம் சேர்ந்தால் இது எதிர்பார்க்க வேண்டியதே. விபத்துக்குப் பிந்தைய நாட்களில் உறைதல் தராசு மறுபக்கம் சாயும். டிரானெக்சாமிக் அமிலம்தான் காரணம் என்று வார்டில் பேச்சு எழுந்தது. கிராஷ்-2இல் அந்த மருந்து கொடுத்தவர்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பு கூடவில்லை. நான் சந்தேகப்படுவது வேறொன்றை. உறைவுத் தடுப்பு ஊசியை நான்காம் நாள் தொடங்கியிருக்கலாம். 'இன்னொரு நாள் பார்ப்போம்' என்று இரண்டு நாள் தள்ளினோம். ரத்தம் வடிந்து பார்த்தவர்களுக்கு ஹெப்பாரின் ஊசியைக் கையில் எடுக்கவே மனசு வராது. ஹெப்பாரின் வகை ஊசியான எனாக்சபரினை முழு அளவில் கொடுத்து, பிறகு மாத்திரைக்கு மாற்றினோம்.

26ஆம் நாள் வாக்கருடன் வீடு போனார். மூன்று மாதம் கழித்து வந்தபோது லேசாகச் சாய்ந்து நடந்தார், டாப்ளர் தெளிவாக இருந்தது, மாத்திரையை நிறுத்தினோம். சிறுநீர்க் குழாய் இன்னும் சிறுநீரகப் பிரிவின் கவனிப்பில் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது களத்து வேலை, காய்ந்த மிளகைப் புடைத்து மூட்டை கட்டுவது. எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, ஏறும்போது கயிறு கட்டுகிறார்களா என்று கேட்டேன்.

"நாலு பேருக்குக் குடுத்திருக்காங்க சார். கட்டுனா வேகமா பறிக்க முடியலன்னு ரெண்டு பேரு கழட்டி மரத்துலயே தொங்க விட்டுட்டாங்க" என்றார்.